இளந்தேவி என்ன பேசினாள்?

ஓமந்தையில் பஸ் நின்றுவிட்டது. ஏன் என்று சாரதிக்கும் தெரியவில்லை, இறங்கிப் போய் விசாரித்தவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கு முன் இருக்கையில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் போல இரண்டு பெடியன்கள் ஒரு கைபேசியை நடுவில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயது போனால் அடுத்தவன் கைபேசியை எட்டிப் பார்ப்பது ஓர் உரிமையாகிவிடுகிறது. நானும் எட்டிப் பார்த்தேன். திரையில் தாடிக்காரன் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். வீட்டில் சாவு விழுந்தவனின் அழுகை. அவனுக்குப் பின்னால் அலுமாரியில் ஏழு தடித்த புத்தகங்கள், கறுப்பு முதுகில் பொன்னெழுத்து. அந்த முதுகுகளை எனக்குத் தெரியும். ‘சாபமலை’, ஏழு பாகம்.

“எண்டிங் சப்பை, மச்சான்.”

“ஏழு பாகம் வாசிச்சவனை விசரனாக்கிப் போட்டார். நான் ஒரு ஸ்டார்தான் குடுத்தனான்.”

“ஒண்டும் குடுக்காமல் விட ஏலாதோ?”

“அதுக்கு வழியில்லை. தேடிப் பாத்தனான்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “தம்பி, முடிவிலை என்ன பிழை?” என்று கேட்டேன்.

“அங்கிள், நீங்கள் வாசிக்கப்போறீங்களெண்டால் நான் சொல்லக்கூடாது. ஸ்பொய்லர்.”

அந்த முடிவுக்காக மாங்குளம் சந்தியில் வயது வந்த மனிதர்கள் தொண்டை கட்டிப்போகும்வரை அடிபட்டபோது, இந்தத் தம்பி விழுந்த பால்பல்லின் ஓட்டையை நாக்கால் துழாவிக்கொண்டு திரிந்திருப்பான். நான் வாசித்தாயிற்று என்று சொன்னதும் கட்டு அவிழ்ந்தது. “அவள் என்ன பேசினாள் எண்டு எழுதேல்லை, அங்கிள்! அதுதான் எல்லாருக்கும் கோபம். இப்ப கைபேசியிலை ஒலிப்புத்தகமா வந்தாப்பிறகு இன்னும் மோசம். கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினம்.”

என்ன பேசினாள் என்று தெரியாமல் கையெழுத்து வேட்டை! ஒரு மனிசி என்ன பேசியிருப்பாள் என்று ஊகிக்க இந்தத் தலைமுறைக்கு ஒரு தனி அத்தியாயம் வேண்டியிருக்கிறது. கஞ்சியைக்கூட மென்று கொடுத்தால்தான் விழுங்குவார்கள் போல. நான் சிரித்ததை அந்தப் பெடியன் இருமல் என்று நினைத்துத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். நல்ல பிள்ளை. வாசகனாகத்தான் உருப்படமாட்டான்.

அப்போது பஸ்ஸுக்குள் நிலக்கடலை விற்கும் கச்சான்காரர் ஏறினார். வறுத்த கச்சானின் வாசம் சூடாக முகத்தில் அடித்தது. என்னுடைய மூக்குக்கு ஒரு குறை உண்டு. கச்சான் மணந்தால் அதற்குப் பின்னால் புத்தகக் கடதாசியும் மணக்கும். மாங்குளத்தில் நான் வேலை செய்த கடைக்கு அடுத்த கொட்டிலில் கச்சான் வறுப்பார்கள். எங்கள் கடையின் புத்தகங்கள் எல்லாவற்றிலும் எண்ணெய் விரல் பதிந்திருக்கும். எந்தப் பக்கத்தில் யாளி வருகிறதோ அந்தப் பக்கத்தில் எண்ணெய் கூட. சனம் பயந்தால் கூடத் தின்னும்.

போர் முடிந்து சனம் மீளக் குடியேறி, தகரக் கூரைகள் இன்னும் கண்ணைக் குத்தும் வெள்ளையாக இருந்த காலம் அது. கடை மரியதாஸ் அண்ணையுடையது. பாதிக் கடையில் போட்டோக்கொப்பி, மீதியில் வாடகைப் புத்தகம். நான் இரண்டு பாதிக்கும் ஒரே உத்தியோகத்தன். என் தகுதி? எதையும் வேகமாக வாசிப்பேன், எதையும் மெதுவாகச் செய்வேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்களும் ஒரு ஸ்டார் கொடுங்கள். மாறவேள் என்றோர் இளவரசன். அவன் மனைவி இளந்தேவி. முதற் பாகத்தின் முடிவில் ஒரு மந்திரவாதி அவளுடைய வாயைச் சாபத்தால் கட்டிவிடுகிறான். சாபம் தீர்க்கும் மூலிகை எங்கோ மலைகளுக்கு அப்பால். மாறவேள் புறப்படுகிறான். அதற்குப் பிறகு பாகம் பாகமாக அந்த மனிதன் மூலிகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேடுகிறான். பறக்கும் யாளியோடு சண்டை, தண்ணீருக்கு அடியில் ஒரு நகரம், இரட்டைப் பிறவியான ஒரு தம்பி, அந்தத் தம்பிக்கும் ஒரு யாளி. இளந்தேவி மலையுச்சிக் கோட்டையில் யன்னலடியில் வாயில்லாமல் இருக்கிறாள். பாகத்துக்கு ஒருமுறை நூலாசிரியருக்கு அவளுடைய ஞாபகம் வரும். ஒரு பக்கத்துக்கு நிலா வெளிச்சத்தில் அவளைக் காட்டிவிட்டு மறுபடி யாளிக்குப் பின்னால் ஓடிவிடுவார். ஒரு யாளிக்கு இறக்கை முளைத்ததை எழுத அவருக்கு நாற்பது பக்கம் தேவைப்பட்டது. ஆலமரம்கூட அதைவிடக் கெதியாக வளரும். இதைத்தான் நாங்கள் சோறு தண்ணி இல்லாமல் வாசித்தோம். நானும்தான். நான் யாளி வரைந்த சட்டைகூட வைத்திருந்தேன். கழுவக் கழுவ யாளி பூனையாகி, கடைசியில் கறையானது.

கோட்டையில் வாயில்லாத அரசி இருந்தாள் என்றால், கடைக்குப் பின்னால் குசினியிலும் ஒருத்தி இருந்தா. மரியதாஸ் அண்ணையின் மனிசி ஸ்டெல்லா அக்கா. முல்லைத்தீவுக் கரைக்காரி. அவாவுடைய தகப்பன் கடலில் ஓட்டிய படகின் எஞ்சின் ஒன்று, தகப்பன் போன பிறகு அவாவுக்கு வந்தது. அண்ணை அதை அவாவிடம் ஒரு சொல் கேட்காமல் விற்றுப் போட்டோக்கொப்பி மிசின் வாங்கிவிட்டார். மிசின் வந்து இறங்கிய நாளிலிருந்து ஸ்டெல்லா அக்கா புருசனோடு கதையில்லை. என்னோடு கதைப்பா, சந்தியில் நிற்கிற மாட்டோடு கதைப்பா, அந்தோனியாரோடு மணித்தியாலக் கணக்காகக் கதைப்பா. அவரோடு மட்டும் இல்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரன் நான்.

“தம்பி, உங்கடை முதலாளியிட்டைச் சொல்லுங்கோ, சோறு ஆறுது. அவரின்ரை புதுப் பெண்சாதிக்கும் கோப்பை போடவோ எண்டு கேளுங்கோ.” புதுப் பெண்சாதி என்றது மிசினை.

ஆறு எட்டு வைத்தால் கடைக்குள் வந்துவிடலாம். அந்தத் தூரத்துக்குள் நான் அந்த வசனத்தைக் கழுவித் துடைத்துவிடுவேன். “அண்ணை, அக்கா சாப்பிட வரட்டாம்.” என்னை ஒரு பெரிய ராசதந்திரி என்று நினைத்துக்கொண்ட காலம். ஒருநாள் மரியதாஸ் அண்ணை கடதாசிக் கட்டை உடைத்துக்கொண்டே கேட்டார்.

“அவா உண்மையிலை என்னடா சொன்னவா?”

“சாப்பிட வரட்டாம், அண்ணை.”

“சீனி போடாமல் சொல்லு.”

சொன்னேன். புதுப் பெண்சாதி, கோப்பை, எல்லாம். மனிதர் கோபப்படுவார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் கடதாசியை அப்படியே விட்டுவிட்டு, “வேறை? வேறை என்ன சொன்னவா?” என்று கேட்டார். பசித்தவன் இரண்டாம் அகப்பைச் சோறு கேட்கிற முகம். அன்றைக்குத்தான் என் ராசதந்திரம் எவ்வளவு பெரிய கெடுதல் என்று எனக்கு மெல்ல ஓடி வெளித்தது. அதற்குப் பிறகு வார்த்தை குறையாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனாலும் என் வாயிலிருந்து வரும் ஏச்சு என்ன ஏச்சு? இரண்டாம் தரம் கொதிக்க வைத்த தேத்தண்ணி.

அண்ணை சாபமலையை விழுந்து விழுந்து வாசித்ததன் காரணம் யாளி இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. ஒவ்வொரு பாகம் வந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் பாய்ந்து பார்ப்பார். “இதிலையும் இவள் வாய் திறக்கேல்லை,” என்று மூடிவைப்பார். பிறகுதான் முதலிலிருந்து தொடங்குவார்.

ஏழாம் பாகம் வவுனியாவுக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு பிரதி. காத்திருக்கிற சனமோ கடை வாசல் நிறைய. இங்கேதான் எங்களுடைய வாசிப்பு முறையைச் சொல்ல வேண்டும். இன்றைய ஒரு ஸ்டார்க் கனவான்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். ஸ்டெல்லா அக்கா பாரை மீனை வெட்டுவது போல, அண்ணை புத்தகத்தை முதுகோடு பிளேட்டால் வெட்டிக் கூறு போட்டார். தலைத்துண்டு, நடுத்துண்டு, வால்துண்டு. ஒவ்வொன்றுக்கும் மட்டை வைத்துத் தைத்து மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் கொடுப்பது. யாருக்கு எந்தத் துண்டு என்பது அவரவர் அதிர்ஷ்டம். நடுத்துண்டில் செத்தவன் தலைத்துண்டில் உயிரோடு கலியாணம் கட்டுவான். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஸ்பொய்லராம்! எங்களுக்கு முழுப் புத்தகமுமே பழுதாகித்தான் கையில் கிடைத்தது, அப்படியே விரும்பி வாசித்தோம்.

வால்துண்டு இரண்டாம் நாளே காணாமல் போய்விட்டது. சந்தேகம் முழுக்கச் சிவநேசன் மாஸ்டர் மேல். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்த மனிதர். கற்பித்தார் என்பது அவருடைய சொல். கச்சான் கேட்கும்போதுகூட இலக்கணமாகக் கேட்பார். வறுக்கிறவர் பயந்துபோய்ச் சுண்டு நிறையக் கொடுப்பார். ஆனால் துண்டு அவரிடம் இல்லை. தேத்தண்ணிக்குக் குசினிக்குள் போனபோது நான் கண்டேன். மாப்பேணியின் மேல், பழைய பத்திரிகைக்கு அடியில், வால்துண்டு. நடுவில் அடையாளத்துக்கு ஒரு கறிவேப்பிலை. ஸ்டெல்லா அக்கா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டே என்னைப் பார்த்தா. நான் அவாவைப் பார்த்தேன். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் வால்துண்டு தானாகக் கடை மேசைக்கு வந்து சேர்ந்தது, விளிம்பில் கொஞ்சம் மாவோடு.

அடுத்த ஞாயிறு பின்நேரம் அடிபாடு தொடங்கியது. நெடுங்கேணியிலிருந்து வசந்தி ரீச்சர் பஸ் ஏறி வந்திருந்தா. கணக்கு ரீச்சர், சொண்டைச் சுழித்தாவென்றால் வாத்தியார்களே எழுந்து நிற்பார்கள். அண்ணை கடைசி வரிகளைச் சத்தமாக வாசித்தார்: “சாபம் நீங்கியது. இளந்தேவி பேசினாள். விடியும்வரை பேசினாள். மாறவேள் கேட்டுக்கொண்டே இருந்தான். முற்றும்.”

“நல்லா வேணும் அவனுக்கு,” என்றா வசந்தி ரீச்சர்.

எங்கள் பக்கத்துத் தமிழ் தெரியாத நண்பர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். நாங்கள் கதைப்போம். பேசுவது என்றால் அது ஏச்சு. ‘அம்மா பேசுவா’ என்றால் பிள்ளை விளக்கு வைக்க முன்னால் வீட்டுக்கு ஓடும். ‘நல்லாப் பேச்சு வாங்கினன்’ என்றால் முதுகைத் தடவிக்கொண்டு சொல்கிறான் என்று அர்த்தம். சினிமா பார்த்து வளர்ந்த சனம்தான். அக்கரையில் பேச்சு என்றால் வெறும் கதை என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், பாகம் பாகமாக ஒரு மனிசியைத் தனியே விட்டுப்போன புருசன் வாசலில் வந்து நிற்கும்போது “அவள் பேசினாள்” என்று கண்ணில் பட்டால், வன்னியில் எவரும் அதை ஒரே விதமாகத்தான் வாசிப்பார்கள். விடியும்வரை என்பதில்தான் எங்களுக்கு வியப்பு. அது குறைவு என்பது ரீச்சரின் கட்சி.

சிவநேசன் மாஸ்டர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். “பிழையான வாசிப்பு, ரீச்சர். செயப்படுபொருள் எங்கை? ‘அவனைப் பேசினாள்’ எண்டு இருந்தால் ஏச்சு. ‘பேசினாள்’ எண்டு தனியா நிண்டால் உரையாடல். அன்பான உரையாடல்.”

“அன்போ! மாஸ்டர், நீங்கள் கலியாணம் கட்டினனீங்களே?”

“அதுக்கும் இலக்கணத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லையெண்டுதான் தெரியுதே!”

மாஸ்டர் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டினேன். சம்பளம் ஒரு பக்கம், புட்டு மற்றப் பக்கம்; தலைக்கு வேறு என்ன வேலை?

மரியதாஸ் அண்ணை மட்டும் பகிடிக்குச் சிரிக்கவில்லை. வால்துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “மாஸ்டர் சொல்லுறதுதான் சரியாயிருக்கும்,” என்றார். “அவன் பிழை விட்டவன்தான். ஆனால் திரும்பி வந்திட்டான். அவளும் மனம் இரங்கி அன்பாக் கதைச்சிருப்பாள். அப்பிடித்தான் இருக்கும்.” குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. கண் குசினிப் பக்கத் திரைச்சேலையில் இருந்தது.

திரைச்சேலை விலகியது. ஸ்டெல்லா அக்கா கையில் அகப்பையோடு வந்து நின்றா. முதலில் வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் தொடங்கினா.

“தம்பி, உங்கடை முதலாளியிட்டைச் சொல்லுங்கோ...”

நான் வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. அவாவுடைய முகம் என்னைத் தாண்டிவிட்டது.

“அன்பாக் கதைச்சாளாமோ? ஒருத்தியை மலையிலை ஏத்தி வைச்சிட்டு யாளி பிடிக்கப் போனவன் வந்து வாசலிலை நிக்கிறான், அவள் அன்பாக் கதைக்கிறாள்! ஏன், கால் கழுவத் தண்ணியும் வாத்தவளாமோ? வெக்கமில்லையே உனக்கு?”

உனக்கு! ‘நீங்கள்’ போய்விட்டது. மாஸ்டரின் கதிரை பின்னுக்கு நகர்ந்தது.

“இடம்பெயரேக்கை ரக்ரரிலை சட்டி பானையை இறக்கிப்போட்டு அந்த எஞ்சினை ஏத்தினவர் என்ரை அப்பா. கடலில்லாத ஊரெல்லாம் காவித் திரிஞ்சவர். பாய் போச்சு, பானை போச்சு, அது மட்டும் போகேல்லை. சாகிற நேரமும் அதுக்கு எண்ணெய் விடச் சொல்லித்தான் என்னட்டைச் சொன்னவர். வித்தது கிடக்கட்டும். என்னட்டை ஒரு சொல்லு, ஒரு சொல்லுக் கேட்டனியே?”

சந்தி முழுக்கக் கேட்டது. கச்சான் வறுக்கிற சத்தம் நின்றுபோனது. பஸ்ஸுக்கு நின்ற சனம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றது.

“கேக்கேல்லை, ஸ்டெல்லா,” என்றார் அண்ணை. “நான் கேக்கேல்லை. அது பிழை.”

“பிழையெண்டு இப்பதான் தெரியுதோ? உந்த மிசின் சொல்லித் தந்ததோ?”

மரியதாஸ் அண்ணையின் கண்ணில் தண்ணீர் வந்தது. வாய் சிரித்தது. ஒரு மனிதன் இவ்வளவு கேவலமாகப் பேச்சு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோசமாக நின்றதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. “சொல்லு, சொல்லு,” என்று மட்டும் சொன்னார். அவா சொன்னா. மறந்துபோயிருந்த பழைய கணக்கெல்லாம் வந்தது. கலியாணத்துக்கு அவருடைய தமக்கை உடுத்து வந்த சேலைகூட வந்தது.

வசந்தி ரீச்சர் மெல்லக் குனிந்து, “மாஸ்டர், செயப்படுபொருள் வந்திட்டுது,” என்றா.

அன்றைக்கு நெடுங்கேணிக்குக் கடைசி பஸ் ரீச்சர் இல்லாமல் போனது. அவா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மாங்குளத்தில் அதற்குப் பிறகு இளந்தேவி என்ன பேசினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நூலாசிரியர் எழுதாமல் விட்டது அவருடைய கெட்டித்தனம் என்றும் எங்களுக்குத் தோன்றவில்லை. மனிதருக்கு எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான். யாளியின் இறக்கை எழுதுகிறவரால் ஒரு மனிசியின் ஏச்சை எழுத முடியுமா?

அடுத்த வருசமே கடை கைமாறியது. எஞ்சினை வாங்கினவரைத் தேடி அண்ணை கரையெல்லாம் அலைந்தார். அது எங்கோ கழன்று, எங்கோ உதிரியாகிவிட்டிருந்தது. மிசினை விற்றுவிட்டு ஸ்டெல்லா அக்காவின் கரைக்கே போய்ச் சேர்ந்தார்கள். கடலைக் கண்டாலே வாந்தி எடுக்கிற மனிதர், மச்சானின் மீன்வாடியில் வலை காயப்போட்டார். மாஸ்டர் கனடா போய்விட்டார். அங்கே யாருக்கு இலக்கணம் சொல்லுகிறாரோ, பனிக்குத்தான் சொல்ல வேண்டும். கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு போட்டுக் கைபேசி விற்கிறார்கள். எனக்கு அதில் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. அந்தத் தகரத்துக்குக் கீழே மத்தியானம் இருந்து பார்த்தவனுக்குக் குளிரூட்டியின் அருமை தெரியும்.

துக்கம் வேறு இடத்தில். போன வருசம் கோயில் திருநாளுக்கு அந்தப் பக்கம் போனபோது அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மரியதாஸ் அண்ணைக்கு இரண்டு காதும் போய்விட்டது. பீரங்கி வெடித்தாலும் திரும்பமாட்டார். ஸ்டெல்லா அக்கா முதல் கொஞ்ச நாள் கத்திக் கத்திப் பார்த்தாவாம். ஊருக்கெல்லாம் கேட்டதாம், அவருக்கு மட்டும் கேட்கவில்லையாம்.

“இப்ப கத்துறேல்லைத் தம்பி. அகப்பைக் காம்புதான்,” என்று செய்தும் காட்டினா. “தோளிலை ஒரு தட்டெண்டால் சோறு. ரெண்டெண்டால் மருந்து.”

“மூண்டெண்டால்?”

“மூண்டெண்டால் பேச்சு,” என்றா. “ஆனால் கேக்காத மனிசனை என்னத்தைப் பேசிறது? இப்ப மூண்டு தட்டுறேல்லை.”

அன்று நான் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கும் நின்றேன், மருந்து நேரத்துக்கும் நின்றேன். மரியதாஸ் அண்ணை கடலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். சோற்றுக்கு ஒரு தட்டு விழுந்தது. மருந்துக்கு இரண்டு விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவர் உடனே எழும்பவில்லை. தோளை அசைக்காமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.